நேரோபோட் ஷெல்லை யாரிடம் கட்டச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் ஓடும் ஒல்லியான இரும்புப் படகுதான் நேரோபோட். அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 70 அடி வரை போகும். லண்டனில் ஆல்பர்ட்டன், சவுத்தால் வழியாகக் கிராண்ட் யூனியன் கால்வாய் போவதால், நம்மவர்கள் பலர் தினமும் பார்க்கும் படகுகள் இவை. தச்சு வேலை, வயரிங், குழாய் வேலை எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்ள விரும்புகிறவர்கள் வெறும் இரும்புக் கூட்டை மட்டும் ஒரு பட்டறையில் கட்டி வாங்குவார்கள். அந்தக் கூட்டுக்கு ஷெல் என்று பெயர்.

இரும்பு இரும்புதானே? யார் கட்டினால் என்ன?

உள்ளே நீங்கள் செய்யும் எதையும் பிறகு மாற்றலாம். அடுப்பு பிடிக்கவில்லையென்றால் கழற்றி வேறு வைக்கலாம். படுக்கை அறையை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளலாம். வயரைப் பிடுங்கி மறுபடி இழுக்கலாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் வடிவத்தையும் வெல்டிங்கையும் மட்டும் அப்படி மாற்ற வழியில்லை. மோசமான ஷெல்லுக்குள் அருமையான ஓக் அலமாரி செய்து வைத்தாலும், விற்கும் நாளில் படகைப் பரிசோதிக்க வரும் சர்வேயர் அலமாரியைப் பார்க்க மாட்டார். தகட்டைத் தட்டிப் பார்ப்பார். உள் வேலைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்தாவது ஷெல்லில் போடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். உள் வேலை கையில் காசு வரும்போது மெல்ல நடக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. பொருள் கைக்கு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒரு பெரிய தொகையை அந்தப் பட்டறைக்குக் கொடுக்கப்போகிறீர்கள். ஆகவே கை சுத்தமான வெல்டராக இருந்தால் மட்டும் போதாது, தொழிலை நடத்தத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைகிறதா என்று பார்ப்பதுதான் இந்தத் தேடலின் சாரம்.

வெறும் ஷெல், செயில்அவே, லைனிங் செய்த செயில்அவே: எதை வாங்குவது?

வெறும் ஷெல் என்றால் இரும்பு மட்டும். செயில்அவே என்றால் எஞ்சின், புரொப்பெல்லர், சுக்கான், பெரும்பாலும் ஜன்னல்கள் எல்லாம் பொருத்தி, தண்ணீரில் இறக்கி ஓட்டிக்கொண்டு போகும் நிலையில் இருப்பது. லைனிங் செய்ததில் அதற்கு மேல் பேலஸ்ட் (படகு நிலையாக மிதக்க அடியில் வைக்கும் எடை), தரை, குளிரைத் தடுக்கும் ஸ்ப்ரே ஃபோம், உட்சுவர்ப் பலகை, சிலரிடம் அடிப்படை வயரிங் வரை இருக்கும்.

முதல்முறை செய்பவர்களுக்கு ஃபோம் வரை முடித்த செயில்அவேயைத்தான் நான் சொல்வேன். எஞ்சினை, புரொப்பெல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட்டோடு நேர்க்கோட்டில் நிறுத்துவதும் ஃபோம் அடிப்பதும் கருவியும் பழக்கமும் வேண்டிய வேலைகள். உட்சுவர்ப் பலகையை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். பலகைக்குப் பின்னால் வயர் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நீளம் கட்டலாம்?

எந்தக் கால்வாயில் ஓட்டப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜேம்ஸ் பிரிண்ட்லி 18-ஆம் நூற்றாண்டில் ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, படகை ஏற்றி இறக்கும் லாக்குகளை ஏறக்குறைய 72 அடி நீளம், 7 அடி அகலம் என்று வைத்தார். மிட்லண்ட்ஸ் முழுக்க அந்த அளவே பரவியது. இன்றைய நேரோபோட்டின் அகலம் அங்கிருந்து வந்ததுதான். வடக்கே கதை வேறு. லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயின் லாக்குகள் பெரும்பாலும் 62 அடி. கால்டர் அண்ட் ஹெபிளில் 57 அடிக்குச் சற்று மேலே போனாலே சிக்கல். அதனால்தான் எங்கும் போகலாம் என்று சொல்லி 57 அடியில் பலர் கட்டுகிறார்கள். எந்நாளும் குடியிருக்கப்போகிறீர்கள், வடக்குப் பக்கம் போகும் எண்ணமில்லை என்றால் 60, 62 அடி நல்ல அளவு.

நீளத்தைவிட அகலத்தில் கவனமாக இருங்கள். லாங்கோலன் கால்வாயின் வாசலான ஹர்ல்ஸ்டன் லாக்குகளில் சுவர்கள் உள்நோக்கி நகர்ந்து, 6 அடி 10 அங்குலத்தைத் தாண்டிய படகுகள் முன்பு பல ஆண்டுகள் சிக்கின. பக்கவாட்டு உராய்வுப் பட்டைகளோடு சேர்த்து 6 அடி 10 அங்குலம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பட்டைகளை விட்டுவிட்டு அளவு சொல்லும் பட்டறைகள் உண்டு.

10/6/4 என்கிறார்களே, அது என்ன? 12 மி.மீ. அடித்தகடு இன்னும் நல்லதா?

அடித்தகடு 10 மி.மீ., பக்கத்தகடு 6 மி.மீ., கேபின் பக்கமும் கூரையும் 4 மி.மீ. என்று பொருள். 10/6/5/4 என்றால் கேபின் பக்கம் மட்டும் 5 மி.மீ.; தகடு நெளியாமல் நேராக நிற்கும்.

12 மி.மீ. அடித்தகட்டை ஒரு பெரிய சலுகைபோலச் சொல்லி விற்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 57 அடிப் படகின் அடித்தகடு ஏறக்குறைய 36 சதுர மீட்டர், 10 மி.மீ.யில் அதன் எடை இரண்டே முக்கால் டன் அளவு. 12 மி.மீ. ஆக்கினால் கூடுவது அரை டன்னுக்குச் சற்று மேல். அந்த எடையை எப்படியும் பேலஸ்ட்டாகப் போடத்தான் போகிறீர்கள், ஆகவே கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் துரு அதிகம் அரிப்பது தண்ணீர் மட்டத்தை ஒட்டிய பக்கத்தகட்டை. அது அதே 6 மி.மீ.தான். தகடு 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் மேலே புதுத் தகடு வைக்கச் சொல்லும். அந்த 2 மி.மீ.யைக் காப்பாற்றுவது பெயின்ட்டும், இரும்புக்குப் பதில் தான் கரையப் படகில் பொருத்தும் உலோகக் கட்டியான ஆனோடும். அடித்தகட்டுக்கு ஆகும் கூடுதல் பணத்தை பெயின்ட்டுக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து.

பட்டறைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ட் அடித்து முடித்த படகைக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு, பாதி கட்டிய ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் மேலே பேச்சு வேண்டாம்.

முதலில் அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையில் குனிந்து பாருங்கள். வெல்டிங் உள்ளேயும் வெளியேயும் விடாமல் ஓடியிருக்க வேண்டும். நல்ல வெல்ட் ஒரே அகலத்தில், சின்னச் சின்ன அலைகளாக, தகட்டோடு இழைந்து போகும். தகட்டின் மேல் குவிந்து நிற்கும் வெல்ட், ஊசித் துளைகள், தகட்டில் பள்ளம் பறித்த விளிம்பு, கிரைண்டரால் ஒரேயடியாகத் தேய்த்து மறைத்த இடம் எல்லாம் எச்சரிக்கை. தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை விட்டு விட்டு வெல்ட் செய்வது வழக்கம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்து, அடித்தகடு பக்கத்தகட்டைத் தாண்டி ஓர் அங்குலம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். படகு கல் கரையில் உரசும்போது அடி வாங்குவது அந்த நீட்சிதான். பின்னால் இருக்கும் வெல்ட் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு கேபின் பக்கத்துக்குக் கன்னத்தை ஒட்டி வைத்து, நீளவாக்கில் ஒரு கண்ணால் பாருங்கள். வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டால், உள்ளே சட்டம் இருக்கும் இடமெல்லாம் வெளியே விலா எலும்பு தெரியும். மேட் ப்ரைமரில் தெரியாத நெளிவு, பளபளப்பான பெயின்ட் அடித்ததும் தெருவுக்கே தெரியும். மிட்லண்ட்ஸில் நான் பார்த்த ஒரு பட்டறையில் மூத்த வெல்டர் ஒரு மூலையில் ஒரு சாண் வெல்ட் செய்துவிட்டு, எழுந்து போய் எதிர் மூலையில் ஒரு சாண் செய்தார். சூடு ஒரே இடத்தில் சேரக்கூடாது என்பதற்காக நாள் முழுக்க அப்படியே நடந்துகொண்டிருந்தார். கேபின் நேராக வருவதன் ரகசியம் அந்தப் பொறுமைதான்.

கடைசியாகத் தகடுகள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். மழையில் நனைந்து, துரு செதிலாய் உரியும் தகட்டின் மேல் நேரடியாக ப்ரைமர் அடிக்கிறார்கள் என்றால் மற்ற வேலையும் அந்தத் தரத்தில்தான் இருக்கும்.

ஸ்விம், ஸ்விம் என்கிறார்களே?

படகின் இரு பக்கமும் பின்னால் போகப்போகத் தண்ணீருக்கு அடியில் குறுகி, சுக்கானுக்கு முன்னால் ஒன்று சேரும். அந்தக் குறுகும் பகுதிதான் ஸ்விம். புரொப்பெல்லருக்குத் தண்ணீர் போய்ச் சேருவது அதன் வழியாகத்தான். ஸ்விம் குட்டையாகவும் மொண்ணையாகவும் இருந்தால் புரொப்பெல்லருக்குத் தண்ணீர் போதாமல் எஞ்சின் திணறும், படகு அலையை இழுத்துக்கொண்டு போகும், ரிவர்ஸில் நிற்க அடம் பிடிக்கும். மலிவான ஷெல்லில் முதலில் கை வைப்பது இங்கேதான். குட்டை ஸ்விம் என்றால் தகடு வளைக்கும் வேலை குறைவு, கேபினில் இடமும் கூடும். விளம்பரப் படத்தில் தண்ணீருக்கு அடியில் இருப்பது தெரியவும் தெரியாது.

57 அடிப் படகின் பின் ஸ்விம் 12 அடியாவது இருந்தால் எனக்குத் திருப்தி. விலைப்பட்டியலில் இந்த எண் இருக்காது. கேட்டு எழுதி வாங்க வேண்டும். முடிந்தால் அதே ஆள் கட்டிய படகு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நேர் கால்வாயில் வேகமாக நடக்கும் வேகத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் போதும். கரையை அலை அறைந்துகொண்டே வந்தால் வேண்டாம்.

மில் ஸ்கேல் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

உண்மை. உருக்காலையிலிருந்து வரும் தகட்டின் மேல் நீலம் கலந்த கறுப்பாக ஒரு படலம் இருக்கும். பார்க்க வழவழப்பாக, பெயின்ட் அடிக்கத் தோதாகத் தெரியும். தண்ணீரில் அந்தப் படலத்துக்கும் வெற்று இரும்புக்கும் நடுவே மின்வேதி வேறுபாடு உண்டாகிறது. படலம் எங்கே விரிசல் விடுகிறதோ அங்கே துரு குழி குழியாய் ஆழமாக இறங்கும். சீக்கிரமே குழி விழுந்த படகுகளைத் தூக்கிப் பார்த்தால் காரணம் பல சமயம் இதுதான். இன்னொரு காரணம் கரை மின்சாரத்தின் எர்த் வயர் வழியாக நடக்கும் அரிப்பு. அதற்கு கால்வானிக் ஐசொலேட்டர் போட வேண்டும்.

மில் ஸ்கேலுக்குத் தீர்வு, தகட்டை கிரிட் பிளாஸ்டிங் செய்து (கரடான துகளை வேகமாக அடித்துச் சுரண்டி) வெள்ளை இரும்பாக்கி, ஈரம் படுவதற்குள் இரண்டு பாக எப்பாக்ஸி பெயின்ட் அடிப்பது. செலவு அதிகம். தார் போன்ற கறுப்புப் பூச்சான சாதாரண பிட்டுமின் பிளாக்கிங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எப்பாக்ஸி அதைவிட நெடுநாள் தாங்கும். பிட்டுமின் மேல் எப்பாக்ஸி பிடிக்காது. பிற்பாடு மாற நினைத்தால் படகைத் தூக்கி, எல்லாவற்றையும் சுரண்டிப் பிளாஸ்டிங் செய்த பிறகுதான் முடியும். ஆக, முடிவு எடுக்க வேண்டிய நேரம் படகு பட்டறையில் இருக்கும்போது. அடித்தகட்டின் கீழ்ப்பக்கத்தில் பெயின்ட் தேவையில்லை, அங்கே துரு வராது என்று சொல்லும் பட்டறைகள் இன்னும் உண்டு. அங்கேயும் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்துக்கு பிரஷ் போவது கஷ்டம்.

பட்டறையின் பழைய வாடிக்கையாளர்களிடம் என்ன கேட்பது?

ஊரில் மேஸ்திரியை அமர்த்தும்போது போன மாதம் அவர் கட்டிய வீட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பத்து மழை கண்ட வீட்டைத்தான் போய்ப் பார்ப்போம். இங்கேயும் அதே. பட்டறை தானாகக் காட்டும் வாடிக்கையாளர் போன வருடம் வாங்கியவராக இருப்பார், மகிழ்ச்சியில் இருப்பார். எட்டு, பத்து வருடமான படகின் சொந்தக்காரரைத் தேடிப் பிடியுங்கள். கால்வாய்க் கரையில் நடந்தாலே கிடைப்பார்கள். இங்கே படகுக்காரர்கள் தங்கள் படகைப் பற்றிப் பேசச் சலிக்கவே மாட்டார்கள். படகின் இரும்பு உடலான ஹல்லுக்குச் செய்த கடைசி சர்வேயில் தகட்டுக் கனம் என்ன வந்தது, சொன்ன தேதிக்குக் கொடுத்தார்களா, பின்னால் ஒரு கோளாறு என்று போனபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் நார்தாம்ப்டன்ஷரில் நடக்கும் கிரிக் படகுக் கண்காட்சி பல பட்டறைகளின் வேலையை ஒரே நாளில் பார்க்க நல்ல இடம். அங்கே இருப்பவை கண்காட்சிக்கென்றே மெருகேற்றிய படகுகள் என்பதை மறக்காதீர்கள். முன்பணம் எதையும் அங்கே வைத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம் வருகிறது. ஏன்?

மூன்று பேரும் வேறு வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். 20 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்பதே முதல் கேள்வி. பிறகு: பிளாஸ்டிங், எப்பாக்ஸி, ஆனோடுகள், தண்ணீர்த் தொட்டி எஃகா துருப்பிடிக்காத எஃகா, கேஸ் லாக்கர், வீட் ஹேட்ச் (புரொப்பெல்லரில் சிக்கியதை எடுக்கும் திறப்பு), ஜன்னலுக்கான வெட்டுகள், கூரையில் புகைபோக்கி வளையமும் காற்றுத் துளைகளும், பேலஸ்ட், லாரி, கிரேன். ஒரே பட்டியலை நீங்களே எழுதி மூன்று பேருக்கும் அனுப்பி, வரிவரியாக விலை போடச் சொல்லுங்கள். அப்படிச் செய்ததும் வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

பணத்தை எப்படிக் கொடுப்பது? பட்டறை மூடிவிட்டால் என் கதி என்ன?

எல்லாவற்றையும்விட நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இது.

கால்வாய்ப் படகுத் தொழிலில் பட்டறைகள் திவாலாவது புதிதல்ல. பெரும்பாலும் நேர்மையற்றவர்களால் நடப்பதும் அல்ல. இன்று வாங்கிய முன்பணத்தில் நேற்றைய படகை முடிப்பார்கள். நாளைய முன்பணத்தில் இன்றைய படகை. ஆர்டர் ஒரு பருவம் குறைந்தால், அல்லது இரும்பு விலை திடீரென்று ஏறினால், சக்கரம் நின்றுவிடும். அந்த நேரத்தில் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் பிணை எதுவும் இல்லாமல் கடன் கொடுத்தவர். வரிசையில் கடைசி. கைக்கு வருவது அற்பம், அல்லது ஒன்றுமே இல்லை.

பட்டறைக்குப் போவதற்கு முன்பே, அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், இலவசம். கணக்கு நேரத்துக்குத் தாக்கல் ஆகிறதா, வங்கி ஏதாவது அடமானம் பதிந்திருக்கிறதா, இதே இயக்குநர் முன்பு நடத்திய கம்பெனிகள் எப்படி முடிந்தன என்று பார்க்கலாம். இரண்டு மூன்று கம்பெனிகள் மூடப்பட்டு, அதே முகவரியில் சற்றே மாறிய பெயரில் புதிது ஒன்று ஓடினால் விலகிவிடுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். பிரிட்டிஷ் மரீன் என்ற தொழில் அமைப்பிடம் படகு கட்டுவதற்கான மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. பல நல்ல பட்டறைகள் அதையே பயன்படுத்துகின்றன. எந்த ஒப்பந்தமானாலும் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு தவணையும் நடந்து முடிந்த, கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கட்டத்துக்காக இருக்க வேண்டும்: இரும்பு வந்து இறங்கியது, ஹல் முடிந்தது, கேபின் முடிந்தது. தேதியைப் பார்த்துத் தவணை கேட்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். இரண்டு, பணம் கொடுத்த அளவுக்கு இரும்பும் படகும் உங்கள் சொத்தாக மாறுகிறது என்ற வரி. அந்த வரிக்கு உயிர் கொடுப்பது அடையாளம்: படகின் அடையாள எண்ணைத் தகட்டில் பொறிக்கச் செய்யுங்கள், ஒவ்வொரு தவணையின்போதும் நேரில் போய் அந்த எண் தெரியப் படம் எடுங்கள், ரசீதில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். எஞ்சினை நீங்களே வாங்கினால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்ட ஆகும் செலவு, மொத்தத் தொகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கிரெடிட் கார்டில் முன்பணம் கட்டினால் பாதுகாப்பு என்று சொல்வார்கள். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குத்தான். கார்டில் கட்டும் தொகையை அல்ல, பொருளின் மொத்த விலையையே பார்ப்பார்கள். ஷெல்லின் விலை அந்த வரம்பைத் தாண்டினால் அந்தக் குடை உங்களுக்கு இல்லை.

கடைசித் தவணையில் ஒரு பகுதியைப் படகு தண்ணீரில் இறங்கி, கசிவில்லாமல், சாயாமல் மிதப்பதைப் பார்த்த பிறகே கொடுப்பது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். முழுப் பணமும் ரொக்கமாக, உடனே கொடுத்தால் பெரிய தள்ளுபடி என்று யாராவது சொன்னால், அந்தப் பட்டறைக்குப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்று பொருள் கொள்ளுங்கள்.

புதுப் படகுக்கு சர்வேயர் எதற்கு?

பழைய படகைவிடப் புதுப் படகுக்குத்தான் சர்வேயர் அதிகம் உதவுவார், ஏனென்றால் தவறைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. ஹல் வெல்டிங் முடிந்து பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை, ஃபோம் அடிக்கும் முன் ஒருமுறை, தண்ணீரில் இறங்கியதும் ஒருமுறை வரச் சொல்லுங்கள். பட்டறை சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம், நீங்களே தேடுங்கள். சர்வேயர் வருவார் என்றதும் பட்டறைக்காரரின் முகம் எப்படிப் போகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல பட்டறைக்காரர், எந்த நாள் வருகிறார் என்று கேட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

சட்டப்படி என்னென்ன தாள்கள் வேண்டும்?

2017-ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் படகு விதிமுறைகள் பொருந்தும். பாதி முடித்த படகாக விற்கும்போது, எந்தெந்தப் பகுதி விதிப்படி முடிந்திருக்கிறது என்று பட்டறை எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். படகின் அடையாள எண் தகட்டில் பொறித்திருக்க வேண்டும். இவை இல்லாமல் படகை வெளியே எடுக்காதீர்கள். பட்டறை மூடிப்போன பிறகு அந்தத் தாளைத் தேடுவது பெரும்பாடு.

சொந்த உபயோகத்துக்குக் கட்டிக்கொள்ளும் படகுக்கு விதிவிலக்கு உண்டு. ஐந்து ஆண்டுக்குள் சந்தையில் விற்கக்கூடாது என்பது அதன் நிபந்தனை. அதற்குள் விற்க நேர்ந்தால் முழுப் பரிசோதனை செய்து சான்று பெற வேண்டும். எப்படியிருந்தாலும் கேஸ், மின்சாரம், டீசல் வேலைகளின் படங்களையும் பில்களையும் ஒரு ஃபைலில் சேர்த்துவையுங்கள்.

தண்ணீரில் நிறுத்த, கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் உரிமம் வேண்டும். அதற்குக் காப்பீடும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் போட் சேஃப்டி ஸ்கீம் என்ற படகுப் பாதுகாப்புச் சான்றும் கேட்பார்கள். வேலை முடியாத படகுக்கு என்ன தாள் காட்ட வேண்டும் என்பதை லாரி ஏற்பாடு செய்வதற்கு முன்பே அவர்களிடம் பேசி முடித்துவிடுங்கள். கேஸ் வேலையை, படகு வேலைக்குத் தகுதி பெற்று, கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ள ஆளிடம் விடுங்கள். இந்த ஒன்றில் சுயவேலை வேண்டவே வேண்டாம்.

ஃபோம் அடிக்கும் முன் எதையெல்லாம் முடிவு செய்திருக்க வேண்டும்?

வெல்டிங் தேவைப்படும் எல்லாவற்றையும். பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டிய தகட்டில் வெளியே வெல்ட் செய்தால் உள்ளே தீப்பிடிக்கும், நச்சுப்புகை வரும். ஆகவே அடுப்பின் புகைபோக்கி, காளான் வடிவக் காற்றுத் துளைகள், சோலார் பலகைக்கான பிடிகள், ஜன்னல்கள், குளியல் தண்ணீர் வெளியேறும் துளை எல்லாவற்றின் இடமும் அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். உள் அமைப்பின் வரைபடம் முழுதாக முடியாமல் ஷெல் ஆர்டர் கொடுக்காதீர்கள். படுக்கைக்கு நேர் மேலே ஜன்னல் வெட்டிய படகுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே குளிர்காலம் முழுக்கத் தலையணையில் ஈரம் சொட்டும்.

நீங்கள் உயரமானவர் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். சட்டம், பேலஸ்ட், தரை, கூரையில் ஃபோமும் பலகையும் போன பிறகு தலைக்கு மிஞ்சும் இடம் நினைத்ததைவிடக் குறைவு. கேபினை இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது, கால்டன் கால்வாயின் ஃபிராக்ஹால் சுரங்கம் மாதிரி இடங்களில் படகு நுழையாது.

எஞ்சினை நானே வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். எந்த எஞ்சின் என்பதை மட்டும் ஹல் கட்டத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காரணம் ஸ்கின் டேங்க். நேரோபோட் எஞ்சினின் சூட்டைக் கால்வாய்த் தண்ணீரில் இறக்குவது, ஸ்விம்மின் உட்புறம் வெல்ட் செய்த ஒரு தட்டையான பெட்டி. குதிரைசக்தியை நாலால் வகுத்தால் வருவது, அந்தப் பெட்டி தண்ணீரைத் தொட வேண்டிய பரப்பு, சதுர அடியில். குபோட்டா எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட 43 குதிரைசக்தி பீட்டா எஞ்சினுக்கு ஏறக்குறைய 11 சதுர அடி. பெட்டி சிறிதாகப் போனால் கால்வாயில் ஒன்றும் தெரியாது. ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். பெட்டிக்குள் தண்ணீர் வளைந்து போகத் தடுப்புத் தகடுகள் வைத்தார்களா என்று மூடுவதற்கு முன் போய்ப் பாருங்கள்.

பேலஸ்ட் பற்றி பட்டறையிடம் என்ன கேட்பது?

உள் வேலையில் எந்தப் பக்கம் எடை அதிகம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்: சமையல் மேடை, பாட்டரி, விறகடுப்பு. கான்கிரீட் பலகையோ செங்கல்லோ எதுவானாலும் தகட்டின் மேல் நேரடியாக வைக்காமல் ஈரம் தடுக்கும் தாள் மேல், பக்கங்களில் இடைவெளி விட்டு வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் படகு ஒரு பக்கம் சாயும். அப்போது சிலவற்றை நகர்த்த வேண்டிவரும், அதனால் கான்கிரீட்டைக் கொட்டி நிரப்ப விடாதீர்கள். கேபினின் பின்கோடியில் தரையில் ஒரு சின்னத் திறப்பு வையுங்கள். அடியில் தண்ணீர் சேர்ந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.

படகு வந்து சேரும் நாளில் என்ன ஏற்பாடு?

57 அடிப் படகு பல டன் எடை இருக்கும். லாரி, கிரேன் இரண்டுக்கும் தனித்தனியாகக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான்: மரீனா எனப்படும் படகு நிறுத்துமிடங்கள் பலவற்றில் ரம்பம், கிரைண்டர் ஓட்ட அனுமதி இல்லை. உள் வேலை செய்ய அனுமதியும் கரை மின்சாரமும் உள்ள இடத்தை ஷெல் ஆர்டர் கொடுக்கும்போதே பிடித்துவையுங்கள். சில பட்டறைகள் வாடகைக்குத் தங்கள் இடத்திலேயே வேலை செய்ய விடுவார்கள். கட்டிய ஆள் கூப்பிடு தூரத்தில் இருப்பது பெரிய உதவி, அப்படி ஒரு பட்டறை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

இதே செலவில் அகலமான வைட்பீம் கட்டிக்கொண்டால் வசதியாக இருக்குமே?

வீடாக ஒரே இடத்தில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் சரி. ஊர் சுற்ற ஆசை இருந்தால் வேண்டாம். வடக்கின் அகலக் கால்வாய்களுக்கும் தெற்கின் அகலக் கால்வாய்களுக்கும் நடுவே மிட்லண்ட்ஸின் 7 அடி லாக்குகள் குறுக்கே நிற்கின்றன. கிராண்ட் யூனியனின் லெஸ்டர் கிளையில் வாட்ஃபோர்டு, ஃபாக்ஸ்டன் படிக்கட்டு லாக்குகளும் 7 அடிதான். லண்டனில் கட்டிய வைட்பீம் லீட்ஸ் போக வேண்டுமென்றால் லாரியில்தான் ஏற வேண்டும்.